சாவியின்றிக் கைமாறும் மடிக்கணினிகள்

சென்னை அண்ணா சாலையை விட்டுச் சற்றே ஒதுங்கிச் சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டிக் கிடக்கும் ரிச்சி தெருவிலும், அதனோடு பின்னிக் கொண்டிருக்கும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவற்றிலும் ஒரு முறை நடந்து செல்கிறவர் கண்ணுக்கு, கடை மேஜைகளின்மீது அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும் பழைய மடிக்கணினிகள் படாமல் போகா. ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் மூன்று நான்கு வருஷம் உழைத்துவிட்டு, குத்தகைக் காலம் முடிந்ததும் நூற்றுக்கணக்கில் லாட் லாட்டாக விலை பேசப்பட்டு, இரண்டு மூன்று வியாபாரிகளின் கைகளைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தவை அவை. பெங்களூரின் எஸ்.பி. ரோட்டிலும், மும்பையின் லாமிங்டன் ரோட்டிலும், டில்லியின் நேரு பிளேஸிலும் இதே காட்சிதான். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக் என்று வழங்கும் இந்த இனங்கள் அலுவலக உபயோகத்துக்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டவை. ஆதலால், அதே விலைக்குக் கிடைக்கும் மெலிந்த புதிய யந்திரத்தைவிட, உழைத்த இந்தப் பழைய யந்திரமே மேல் என்று விஷயம் அறிந்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இவற்றை வாங்குகிறவர்கள் யார் என்று பார்த்தால், கல்லூரியில் சேரும் பிள்ளைக்குப் புதிய கணினி வாங்கிக் கொடுக்கச் சக்தி போதாத தகப்பனார், வீட்டிலிருந்தபடியே டைப்பிங் வேலை எடுத்துச் செய்யும் பெண்மணி, தாலுகா ஊரில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்து அதில் ஆன்லைன் விண்ணப்பங்களும் பூர்த்தி செய்து கொடுக்கும் இளைஞர் ஆகிய சாமானிய ஜனங்களே பெரும்பாலோர். அவர்களுக்கு இது இரண்டாவது கணினி அல்ல. வீட்டுக்கு வரும் முதற் கணினி. கடையில் அது ஒழுங்காக ஓடிக் காட்டுகிறது. வீட்டுக்கு வந்தபின், புதிதாக விண்டோஸ் போட வேண்டும் என்றோ, லினக்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும் என்றோ, பையன் ஒரு பென் டிரைவைச் சொருகி, திங்க்பேடானால் எஃப்1, டெல்லானால் எஃப்2, எச்.பி.யானால் எஃப்10 என்று விசையைத் தட்டுகிற அந்த க்ஷணத்தில், திரையின் நடுவே ஒரு சிறிய கட்டமும் அதன் பக்கத்தில் ஒரு பூட்டின் சித்திரமும் தோன்றுகின்றன. கடவுச்சொல்லைக் கொடு என்று யந்திரம் கேட்கிறது. அதைக் கொடுக்கக் கூடிய மனிதர் எந்த ஊரில், எந்த அலுவலகத்தில், எந்த வருஷத்தில் அதை வைத்தார் என்பது வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்பதை விளங்கிக் கொண்டால்தான், எது பலிக்கும் எது பலிக்காது என்பதும் விளங்கும். கணினிக்கு மின்சாரம் வந்ததும், விண்டோஸ் முதலிய எதுவும் கண் விழிப்பதற்கு முன்பாக, தன் அங்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து, எந்த வட்டிலிருந்து எழ வேண்டும் என்று தீர்மானிக்கும் ஆதாரமான நிரல் ஒன்று ஓடுகிறது. அதற்குப் பயாஸ் என்று பெயர். 1975-ஆம் ஆண்டையொட்டி, கேரி கில்டால் என்ற அமெரிக்க அறிஞர் தாம் இயற்றிய சி.பி./எம். என்ற அமைப்புக்காக வழங்கிய அந்தப் பெயர், 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி தன் பி.சி.யை வெளியிட்டபின் உலகெங்கும் பரவியது. இன்றைய யந்திரங்களில் ஓடுவது யூ.இ.எஃப்.ஐ. என்ற அதன் வாரிசே ஆயினும், கடைத் தெருவில் இன்றும் அது பயாஸ்தான்.

1984-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. என்ற மாதிரியில், பெட்டியின் முன்புறத்தில் உண்மையான ஓர் உலோகப் பூட்டு இருந்தது. சாவியைத் திருப்பி எடுத்துக் கொண்டு போய்விட்டால் விசைப்பலகை வேலை செய்யாது. அதே யந்திரத்தின் உள்ளே, மோட்டரோலா கம்பெனி செய்த ஒரு கடிகாரச் சிப்பும் இருந்தது. அதன் 64 பைட் ஞாபகத்தில் 14 கடிகாரத்தின் சொந்தக் காரியத்துக்குப் போக, எஞ்சிய 50 பைட்டில் கணினியின் அமைப்பு விவரங்கள் எழுதி வைக்கப்பட்டன. மின்சாரம் நின்றாலும் அவை அழியாதபடி காத்தது ஒரு பேட்டரி. பிற்காலத்தில் இரும்புச் சாவி போய்க் கடவுச்சொல் வந்தபோது, அதுவும் இந்தப் பேட்டரியின் தயவில் வாழும் ஞாபகத்திலேயே குடியேறியது. 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சி.ஆர்.2032 என்ற, சிமாஸ் பேட்டரி என்று வழங்கும், நாணயம் போன்ற பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் கடவுச்சொல் மறைந்து போவது அதனால்தான். மேஜைக் கணினிகளில் இந்தச் சிரமமும் வேண்டாமென்று, மதர்போர்டு என்னும் பலகையிலேயே ஜம்பர் என்னும் சிறு முள்ளிணைப்பை வைத்தார்கள். டெல்லின் ஆப்டிப்ளெக்ஸ் பலகைகளில் அதைப் பெயரிட்டே அச்சிட்டிருப்பதைக் காணலாம். பெட்டியைத் திறக்கக் கூடியவர் உரிமையாளராகத்தான் இருப்பார் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்த ஏற்பாடு அது.

மடிக்கணினிக்கு அந்த நம்பிக்கை பொருந்தவில்லை. ரயிலிலும் விமான நிலையத்திலும் களவு போகிற பொருள் அது. திருடியவன் அறைக் கதவைச் சாத்திக் கொண்டு ஆற அமரத் திருகாணிகளைக் கழற்றுவதைத் தடுக்க ஒருவரும் இல்லை. ஆகவே உற்பத்தியாளர்கள் கடவுச்சொல்லைப் பேட்டரியின் தயவிலிருந்து விடுவித்து, மின்சாரமே இன்றி வருஷக்கணக்கில் எழுத்தைத் தாங்கும் தனிச் சிப்புகளில் பொறித்தார்கள். பழைய திங்க்பேட்களில் 24ஆர்.எஃப்.08 என்ற எட்டுக்கால் சிப் இந்தக் காரியத்தைச் செய்தது. பேட்டரியைக் கழற்றி ஒரு ராத்திரி வைத்தால் போய்விடும் என்று நண்பர்கள் இன்றும் சொல்லும் யோசனை, மேஜைக் கணினிக் காலத்தில் மெய்யாக இருந்து, மடிக்கணினிக் காலத்தில் பெரும்பாலும் பொய்யாகிவிட்டது. அதை நம்பிப் பலகையைப் பிரிக்கிறவர்கள், மெல்லிய ரிப்பன் வயரை அறுத்துக் கொண்டதுதான் மிச்சம் என்று கண்கலங்குவதைப் பழுது பார்ப்பவர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

கடவுச்சொல் என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் வகைகள் உண்டு. கணினியை எழுப்புவதற்கே கேட்பது ஒன்று. பயாஸ் பக்கத்துக்குள் நுழைந்து அமைப்புகளை மாற்றுவதற்குக் கேட்பது மற்றொன்று. திங்க்பேடில் இதைச் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு என்றும் ஏனையவற்றில் அட்மின் பாஸ்வேர்டு என்றும் சொல்வார்கள். மூன்றாவது ஹார்டு டிஸ்க்கின் கடவுச்சொல். அது மதர்போர்டில் இல்லை. டிஸ்க்கின் வயிற்றிலேயே இருக்கிறது. ஆகையால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் பூட்டு அங்கேயும் கூடவே வரும். அதற்காக மன்றாடுவது வீண் பிரயாசை. வாங்கியவருக்கு அதிலுள்ள பழைய தகவல்களின்மேல் எவ்வித உரிமையும் இல்லாததால், புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டிக் கொள்வதோடு அந்த விவகாரம் தீர்ந்துவிடும். எழுப்புவதற்குரிய கடவுச்சொல் மட்டும் இருந்து, சூப்பர்வைசர் கடவுச்சொல் வைக்கப்படாதிருந்தால், பழைய திங்க்பேட்களில் பெரிய பேட்டரியையும் உள்ளே இருக்கும் சிறிய பேட்டரியையும் கழற்றி அதை நீக்கும் முறையை உற்பத்தியாளரின் பராமரிப்பு நூலே சொல்லித் தருகிறது. உண்மையான இடர்ப்பாடு நடுவில் நிற்கும் இரண்டாவது வகையில்தான்.

அந்த இரண்டாவது பூட்டு, கணினியை ஓட விடும். ஆனால் மாற விடாது. பென் டிரைவிலிருந்து எழும்படி வரிசையை மாற்ற முடியாது. வர்ச்சுவலைசேஷன் என்ற வசதியை முந்தைய நிறுவனம் அணைத்து வைத்திருந்தால், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிப் பழக வேண்டிய பொறியியல் மாணவனுக்கு அந்த வாசல் அடைபட்டதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிவடைந்துவிட்ட இந்தச் சமயத்தில், விண்டோஸ் 11-க்கு ஏற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அங்கம் விழித்திருக்க வேண்டும். யந்திரத்தில் அது இருந்தும் பயாஸில் அணைக்கப்பட்டிருந்தால், எழுப்பும் விசை பூட்டுக்கு உட்புறத்தில் இருக்கிறது.

இந்நிலையில் முதலில் செய்ய வேண்டியது, வாய்க்கு வந்த சொற்களையெல்லாம் தட்டிப் பார்ப்பது அன்று. 1990-களில் சில பயாஸ்களுக்கு, செய்தவர்களே வைத்திருந்த பொதுச் சாவிகள் சில உண்டு. அவை ஊரறிந்த ரகசியமாகி, இன்று பெரும்பாலும் பயனற்றுப் போயின. இப்போது மூன்று முறை தவறினால் யந்திரம் நின்றுவிடும். சில இனங்களில் ஒரு குறியீட்டு எண்ணைக் காட்டும். டெல்லில் சர்வீஸ் டேக் எண்ணும் அதன் பின்னே நான்கு எழுத்துகளும் தோன்றும். தோன்றியதை எழுதி வைத்துக் கொண்டு, விற்றவரிடம் போவதே முறை. நிறுவனங்கள் தங்கள் யந்திரங்கள் அத்தனைக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பது வழக்கமாதலால், அதே லாட்டை எடுத்த வியாபாரிக்கு அது முன்பே தெரிந்திருக்கக் கூடும். தெரியாவிட்டாலும் தமக்கு விற்றவரைக் கேட்க அவருக்கு வழி உண்டு. கிடைத்த சொல் பலிக்கவில்லை என்றாலும் உடனே சோர்ந்துவிட வேண்டாம். சிறிய விசைப்பலகைகளில் நம்லாக் எரிந்து கொண்டிருந்தால், ஜே, கே, எல் என்ற எழுத்துகள் 1, 2, 3 என்று விழும். ஜெர்மனியிலிருந்து வந்த யந்திரமானால் ஒய்யும் இசட்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இருக்கும். விசைப்பலகையை இங்கே மாற்றியிருந்தால், அங்கே தட்டிய விரல் வேறு, இங்கே தட்டும் விரல் வேறு.

உற்பத்தியாளரிடம் போனால், முதற்கேள்வி, வாங்கிய ரசீது எங்கே என்பது. இன்டெல் சிப் கொண்ட மேக் கணினியின் ஃபர்ம்வேர் கடவுச்சொல்லை மறந்தவரிடம், ஆப்பிள் கம்பெனி, வாங்கிய மூல ரசீதைக் கொண்டுவரச் சொல்கிறது. திங்க்பேடின் சூப்பர்வைசர் கடவுச்சொல்லை மறந்தவருக்கு லெனோவோவின் கையேடு சொல்லும் பதில் இன்னும் கடினமானது: அதை எங்களால் அழிக்க முடியாது, ரசீதோடு வந்து, கட்டணம் செலுத்தி, மதர்போர்டையே மாற்றிக் கொள்ள வேண்டும். ஒரு சிறு சொல்லுக்காக, பிராசசரும் நூற்றுக்கணக்கான நுண்ணிய அங்கங்களும் பழுதில்லாமல் பதிந்திருக்கும் ஒரு பலகை முழுவதையும் தூக்கி எறிய வேண்டியிருப்பதை எண்ணும்போது என் மனம் பதறத்தான் செய்கிறது. இருந்தாலும், ரசீது கேட்பது தவறு என்று நான் சொல்லமாட்டேன். யார் வந்து கேட்டாலும் திறந்து கொடுக்கும் பூட்டைப் பூட்டென்று சொல்வதற்கில்லை.

இதற்கெல்லாம் அப்பால், ரிச்சி தெருவின் மாடிகளில் ஜன்னலற்ற சிறு அறைகளில் உட்கார்ந்திருக்கும் சிப்-லெவல் மெக்கானிக்குகளின் வழி ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் வேலை செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கணினியைக் கொண்டுவந்த மாணவன், "அண்ணே, சிமாஸ் பேட்டரியக் கழட்டினா போயிடும்னு சொன்னாங்களே?" என்று கேட்டான். "அதெல்லாம் பழைய டெஸ்க்டாப்புல, தம்பி. இதுல சிப்புக்குள்ளேயே எழுதியிருக்கு. பில் இருக்கா?" என்றார் அவர். பையன் மடித்து வைத்திருந்த பில்லை நீட்டினான். அதிலிருந்த சீரியல் எண்ணையும் யந்திரத்தின் அடிப்பாகத்திலிருந்த எண்ணையும் விரலால் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே திருப்புளியைக் கையில் எடுத்தார்.

பின்மூடியைக் கழற்றி, பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கி, பலகையின் ஓரத்திலிருந்த அரிசியைவிடச் சற்றே பெரிய எட்டுக்கால் சிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அதன் எண்ணைக் குறித்துக் கொண்டார். அந்தச் சிப்பில்தான் பயாஸ் முழுவதும் இருக்கிறது. 8 அல்லது 16 மெகாபைட் கொள்ளும். எண்ணைப் பார்ப்பது அநாவசியமான சடங்கு அன்று. சில சிப்புகள் 3.3 வோல்ட்டிலும் சில 1.8 வோல்ட்டிலும் வேலை செய்கிறவை. இரண்டாவதன் தலையில் முதலாவதன் அழுத்தத்தைச் செலுத்தினால் கதை அங்கேயே முடிந்துவிடும். பிறகு, துணி கிளிப்பைப் போன்ற ஒன்றை அதன் எட்டுக் கால்களையும் கவ்வும்படி பொருத்தி, சி.எச்.341 என்ற சிறு கருவியின் வழியாகத் தம் கணினிக்குள் அதன் உள்ளடக்கத்தைப் பிரதி எடுத்தார். ஒரு தடவை எடுத்ததோடு நிற்கவில்லை. மறுபடியும் எடுத்து, இரண்டு பிரதிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டார். முதல் ஜோடி ஒத்துவரவில்லை. கிளிப்பின் ஒரு பல் சரியாகப் பதியாமல் இருந்தது. மீண்டும் பொருத்தி, ஒத்து வந்த பிரதியை அந்த யந்திரத்தின் சீரியல் எண்ணையே பெயராக வைத்துச் சேமித்த பிறகுதான் மேற்கொண்டு கை வைத்தார்.

இந்தப் பொறுமைக்குக் காரணம் உண்டு. கடவுச்சொல் ஒன்று மட்டுமா அந்தச் சிப்பில் இருக்கிறது? யந்திரத்தின் சீரியல் எண், அதன் அடையாளக் குறி, சில யந்திரங்களில் நெட்வொர்க் விலாசம், 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8 காலம் முதற்கொண்டு விண்டோஸின் உரிம எண் ஆகியவை எல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றன. வேறொரு கணினியிலிருந்து எடுத்த டம்ப் ஃபைல் என்னும் பிரதியைக் கொண்டுவந்து இதில் கொட்டிவிடும் அவசரக்காரர்களின் கையில், பூட்டுப் போவதோடு யந்திரத்தின் ஜாதகமும் சேர்ந்து போகிறது. தவிர, பிரதியில் கடவுச்சொல் இருக்கும் பகுதியைத் திருத்திச் சிப்பில் மீண்டும் எழுதும் இந்த வித்தை எல்லா யந்திரத்திலும் பலிக்கும் என்பதும் இல்லை. சிப்பில் எழுதப்பட்டிருப்பது உற்பத்தியாளரின் கையொப்பத்தோடு பொருந்துகிறதா என்று பிராசசரே சோதிக்கும் ஏற்பாடு 2013 முதல் வந்த இன்டெல் தலைமுறைகளில் உண்டு. எச்.பி.யின் அலுவலக மாதிரிகளோ, பயாஸ் கலைக்கப்பட்டிருப்பதைக் கண்டால் பத்திரப்படுத்தி வைத்த இன்னொரு பிரதியிலிருந்து அதைத் தாமாகவே மீட்டுக் கொள்ளும். புதிய யந்திரம் ஒன்றை நூறு சதவிகிதம் திறந்து தருவேன் என்று பில்லைக் கூடக் கேளாமல் வாக்களிக்கிறவரிடம் ஒப்படைப்பது உசிதமன்று.

பில்லைக் கேட்பது சம்பிரதாயத்துக்காக அன்று. களவு போன கணினியை அவ்வாறு தெரிந்தோ, தெரிந்து கொள்ளக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற நோக்கத்துடன் வாங்கி வைத்துக் கொள்பவருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-பி பிரிவு மூன்று வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. மேலும், பூட்டைத் தகர்த்துவிட்டால் யந்திரம் தன் பழைய எஜமானரை மறந்துவிடும் என்று நினைப்பது பிசகு. அப்சல்யூட் என்ற கம்பெனியின் பின்தொடரும் கருவி பயாஸிலேயே பல மாதிரிகளில் பொதிந்திருக்கிறது. டிஸ்க்கை அழித்தாலும், புதிதாக விண்டோஸ் போட்டாலும், அது மறுபடியும் தலை தூக்கித் தான் இருக்குமிடத்தைச் சொல்ல வல்லது. ஆட்டோபைலட் என்ற மைக்ரோசாஃப்டின் ஏற்பாட்டில் நிறுவனம் பதிவு செய்த யந்திரமோ, புதிதாக விண்டோஸ் போட்டு இன்டர்நெட்டைத் தொட்டதும், அந்த நிறுவனத்தின் பெயரைக் காட்டி ஊழியரின் கணக்கைக் கேட்கும்.

களவு போன யந்திரங்களைக் காட்டிலும் என் மனத்தை அதிகமாக உறுத்துகிறவை, முறையாக விற்கப்பட்டும் பூட்டோடு வருகிறவையே. ஒரு நிறுவனம் தன் பழைய கணினிகளைக் கழிக்கும்போது டிஸ்க்குகளை எவ்வளவு சிரத்தையோடு அழிக்கிறது! அதற்கென்று தனி ஒப்பந்தக்காரர், அழித்ததற்கு அத்தாட்சிப் பத்திரம், சில இடங்களில் டிஸ்க்கைச் சுக்குநூறாக நொறுக்கும் யந்திரம். தன் ரகசியம் வெளியேறினால் தனக்கு நஷ்டம் என்பதால் அத்தனை கவனம். பயாஸ் கடவுச்சொல்லை நீக்காமல் விட்டாலோ அந்த நிறுவனத்துக்கு ஒரு காசு நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் பல கைகள் தாண்டி, முகம் தெரியாத ஒரு மாணவன் தலையில் விடிகிறது. டெல், எச்.பி., லெனோவோ மூவருமே, கடவுச்சொல்லை அறிந்த நிர்வாகி உட்கார்ந்த இடத்திலிருந்து யந்திரங்கள் அனைத்திலும் ஒரே சமயத்தில் அதை நீக்கிவிடுவதற்கான கருவிகளை இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆகவே முடியாமை என்ற பேச்சுக்கு இடமில்லை. 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள் இத்தகைய பொருள்களின் மறுசீரமைப்பைப் பற்றியும் பேசுகின்றன; கணினியை லாட்டாக விற்கும் நிறுவனம், டிஸ்க் அழித்த பத்திரத்தோடு, பயாஸ் கடவுச்சொல்லையும் ஆட்டோபைலட் பதிவையும் நீக்கியதற்கு ஒரு பத்திரமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை விதியாகவே செய்துவிடலாம். லாட்டை எடுக்கும் வியாபாரிகளும், பூட்டோடு வருகிற யந்திரத்துக்கு இன்ன விலைதான் என்று கண்டிப்பாகக் குறைத்துக் கேட்கத் தொடங்கினால், விதி வருமுன்பே வழக்கம் மாறிவிடும்.

அது வரையில் வாங்குகிறவர் தம்மைத் தாமே காத்துக் கொள்ள வேண்டியவராகிறார். நிலம் வாங்கப் போகிறவர் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. பழைய கணினிக்கும் வில்லங்கம் பார்க்கும் முறை உண்டு, அதற்குக் கால் மணி நேரம் போதும். பணம் கொடுக்குமுன், ஓடிக் கொண்டிருக்கும் யந்திரத்தை அணைத்து மீண்டும் எழுப்பி, பயாஸ் பக்கத்துக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். நுழைய விட்டாலும் அதோடு திருப்தியடையாமல், ஏதாவது ஓர் அமைப்பை மாற்றிச் சேமிக்க முடிகிறதா என்று பார்ப்பது அவசியம். ஏனெனில் சில யந்திரங்கள் கடவுச்சொல் இன்றியே உள்ளே விட்டு, எதையும் மாற்ற மட்டும் மறுக்கும். செக்யூரிட்டி என்ற பகுதியில் அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற பெயர் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் புதிதாகப் போட்ட யந்திரமானால், கடைக்காரரின் வைஃபையிலேயே இணைத்து, முன்பின் அறியாத நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். பில்லில் மாடலோடு சீரியல் எண்ணையும் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

முன்பே வாங்கிவிட்டு, எல்லா வழியும் அடைபட்டு நிற்பவருக்கும் சில உபாயங்கள் எஞ்சியிருக்கின்றன. கேட்பது அட்மின் கடவுச்சொல் மட்டுமானால், எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அதே காலத்திய வேறொரு கணினியில் மாட்டி, அங்கே லினக்ஸை நிறுவி மறுபடி இங்கே கொண்டுவந்து பொருத்தினால் பெரும்பாலும் ஓடும். கையொப்பமுள்ள அமைப்பை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் என்ற காவல் அணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும், அதற்கு இசைந்து கையொப்பமிடப்பட்ட உபுண்டு போன்றவற்றுக்கு இல்லை. கணினியை எழுப்பவே முடியாத நிலையானால், திரை உடைந்தோ தண்ணீர் பட்டு விசைப்பலகை கெட்டோ, பலகை மட்டும் நன்றாக இருக்கும் அதே மாடலின் யந்திரம் ரிச்சி தெருவில் உதிரி பாகத்துக்கென்று விற்கப்படுகிறதா என்று விசாரிக்க வேண்டும். அந்தப் பலகையை வாங்குமுன் அதையும் ஒரு தடவை எழுப்பச் சொல்லி, எஃப்1-ஐயோ எஃப்2-ஐயோ தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.